எந்த மிஷினுக்கு எந்தப் பந்தி

தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் இருக்கிறது எங்கள் ஷூ கம்பெனி. தைப்பதெல்லாம் வெளிநாட்டுக்கு. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது நான், தபீதாள். புது சாஃப்ட்வேர் எது வந்தாலும் சிடியும் கையுமாக மேஜை மேஜையாகப் போவேன். உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு, ஏற்றி முடிக்கும்வரை அவர் பெருமூச்சுகளைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

இரண்டாயிரத்து ஆறில் அதற்கென்று ஒரு சர்வர் வாங்கினார்கள். இனி அலைய வேண்டாம். கம்ப்யூட்டர்களைக் குழு குழுவாகப் பிரித்து வைத்து, எந்தக் குழுவுக்கு என்று சொல்லிவிட்டால் சாஃப்ட்வேர் தானே போய் அந்த மிஷின்களில் ஏறிக்கொள்ளும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜி.எம். மதியழகன் சார் கூப்பிட்டு அதில் மண்ணைப் போட்டார்.

“கிண்டியில ஒரு ஏஜென்சி, மொத்தத்தையும் நாங்களே பார்த்துக்கறோம்னு கேக்கறாங்க. பெட்டிக்கு ஸ்டிக்கர் அடிக்கிற சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் வந்திருக்கில்ல, அத இந்த சர்வர் வழியா நீங்க போடுங்க. டிஸ்பாட்ச் ஒரு தடவ நின்னாலும் வேலைய அவங்களுக்குக் குடுத்துடுவேன். தப்பா நினைக்காதீங்க.”

தப்பாகத்தான் நினைத்தேன். இந்தக் கம்பெனியில் எந்த மிஷின் மழைநாளில் மக்கர் பண்ணும், எது தட்டினால்தான் கிளம்பும் என்பதுவரை எனக்குத் தெரியும். கிண்டிக்காரனுக்கு என்ன தெரியும்?

டிபார்ட்மென்ட் வாரியாகப் பிரிப்பதுதான் சுலபம். ஆனால் கோளாறு வந்தால் ஒரு டிபார்ட்மென்டே மொத்தமாகப் படுத்துவிடும். அதனால் டிஸ்பாட்சைத் தவிர ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரே ஒரு மிஷினை எடுத்து முதல் குழுவில் போட்டேன். அது நின்றாலும் பக்கத்து மேஜையில் வேலை நடக்கும். மற்றவையெல்லாம் இரண்டாவது குழு. நிற்கவே கூடாத டிஸ்பாட்ச் மிஷின்களும் ஜி.எம். மிஷினும் மூன்றாவது. ஸ்டோர்ஸிலிருந்து வினோத்குமாரின் மிஷினை யோசித்துத்தான் எடுத்தேன். டிஸ்பாட்சில் இருக்கும் அதே பழைய ஸ்டிக்கர் பிரிண்டர்தான் அவனிடமும் இருந்தது.

முதல் குழுவுக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்தேன். வந்தது வினை.

“இன்னாக்கா, டெஸ்ட்டு பண்றதுக்கு என் மிஷின்தான் கெட்ச்சுதா? நான் இன்னா எலியா? ஒரே பேஜாரா கீது. நான் ஆஃப் பண்ணி வெச்சிருவேன், பாத்துக்கோ” என்றான் வினோத்குமார். அக்கவுண்ட்ஸும் டிசைனும் அதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார்கள். மிஷினை ஆஃப் செய்துவிட்டால் சர்வர் எதை அனுப்பி என்ன பிரயோஜனம்?

அன்று மதியம் கேன்டீனில் அதே வினோத்குமார் குரோம்பேட்டைக் கல்யாணம் ஒன்றைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். முண்டியடித்து முதல் பந்தியில் உட்கார்ந்தானாம். சாம்பாரில் உப்பு இல்லை என்று இவன் குரல் கொடுத்த பிறகுதான் அடுத்த பந்திக்குச் சரி செய்தார்களாம். எனக்குப் பொறி தட்டியது. சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், குழுக்களின் பெயரை மாற்றினேன். முதல் பந்தி, இரண்டாம் பந்தி, கடைசிப் பந்தி.

“உனக்கு முதல் பந்தியில எல போட்டிருக்கேன். உப்பு இல்லன்னா உடனே கத்தணும், அதான் உன் வேலை” என்றேன். அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

மறுநாள் கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. எனக்கு ஏன் முதல் பந்தி இல்லை என்று ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்கள். டிஸ்பாட்ச் புஷ்பலதா அக்கா நேராக ஜி.எம்.மிடமே போய்விட்டார். அவரோ அதற்குள் தன் பந்தி எது என்று விசாரித்து முகம் சிவந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“டிஸ்பாட்சையும் என்னையும் முதல்ல போடுங்க. ஜி.எம்.முக்குக் கடைசிப் பந்தின்னா கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

போட்டால், டிஸ்பாட்ச் நிற்கலாம். நின்றால் கிண்டி. மாட்டேன் என்றாலும் கிண்டிதான். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

“சார், தை மாசம் உங்க பொண்ணு கல்யாணத்துல நீங்க எந்தப் பந்தியில சாப்ட்டீங்க?”

“நானா? எல்லாரும் சாப்ட்டப்புறம்தான். வீட்டுக்காரன் எப்படிம்மா முதல்ல உக்கார முடியும்?” என்று சொன்னவர், சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு வந்தது. “சரி. டிஸ்பாட்ச்?”

“அவங்க கல்யாணப் பொண்ணு சார். பொண்ணும் கடைசியிலதான சாப்பிடும்?”

வெளியே நின்ற புஷ்பலதா அக்காவுக்கு இது காதில் விழுந்திருக்க வேண்டும். கல்யாணப் பொண்ணு என்றதில் அவருக்கு அப்படியொரு குஷி. அதன்பின் டிஸ்பாட்ச் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை.

திங்கட்கிழமை காலை முதல் பந்திக்கு அனுப்பினேன். டீ வருவதற்குள் வினோத்குமார் ஓடி வந்தான்.

“அக்கா, உப்பு இல்லக்கா! ஸ்டிக்கர் மொத்தமும் வெள்ளையா வர்து!”

வெறும் ஸ்டிக்கர் சுருளை மாலைபோல் கையில் பிடித்திருந்தான். இரண்டாம் பந்தியை உடனே நிறுத்தி வைத்தேன். புது சாஃப்ட்வேருக்குப் பழைய பிரிண்டரை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். கீழே கன்டெய்னர் லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. டிஸ்பாட்சில் பழைய வெர்ஷன் பாட்டுக்கு ஸ்டிக்கரை அடித்துத் தள்ள, புஷ்பலதா அக்காவின் ஆட்கள் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இப்படி ஒன்று நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

பிரிண்டருக்கு வேண்டியதையும் சேர்த்துக் கட்டி மறுபடி அனுப்பினேன். “இப்ப கரீட்டா கீது” என்றான் வினோத்குமார். அடுத்து இரண்டாம் பந்தி. இரண்டு நாள் பொறுத்து, கடைசிப் பந்தி. ஒரு மிஷின்கூடச் சிணுங்கவில்லை.

அந்த வாரமே கிண்டி ஏஜென்சி ஆளை அழைத்துக்கொண்டு ஜி.எம். என் அறைக்கு வந்தார். வெள்ளை ஸ்டிக்கர் கதை அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. ஏஜென்சிக்காரர் என் திரையில் மூன்று பந்திகளையும் பார்த்துவிட்டு, “எதுக்கு மேடம் இவ்ளோ மெனக்கெடறீங்க? நாங்கன்னா எல்லா மிஷினுக்கும் ஒரே நேரத்துல தட்டி விட்டுடுவோம்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜி.எம். முந்திக்கொண்டார். “தட்டி விடறதுக்கு ஆள் எங்க வேணா கிடைக்கும் தம்பி. யாருக்கு முன்னாடி, யாருக்கு அப்புறம்னு தெரிஞ்ச ஆள் எங்ககிட்ட இருக்காங்க. நீங்க கிளம்புங்க.”

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பெருமையாக இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, நெஞ்சு முட்டும் அளவுக்கு. நான் சம்பாதித்த பெருமை அது. அடக்கமாக இரு என்று எவராவது சொல்ல வந்தால் நடப்பதே வேறு.