மீன்தொட்டி வரும் இடம்

அக்கா அந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தது சிரிப்பதற்காக இல்லை. தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பதற்காக.

மருந்துக்கடையில் இருபது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை அவளுடையது. போன புதன்கிழமை, தினமும் கொடுக்கிற ஒரு பிரஷர் மாத்திரையின் பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது. அலமாரி முன்னால் மரம் மாதிரி நின்றாள். அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது, ஐம்பத்தோரு வயதில். கடைசியில் பெற்ற மகளையே "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டாள். இந்த மறதி நோய் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அக்காவுக்கு இப்போது நாற்பத்தொன்பது. புதன்கிழமையிலிருந்து ஒவ்வொரு மாத்திரைப் பெயரையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

டாக்டரிடம் போகப் பயம். அதனால்தான் இந்தக் குறுக்கு வழி. சின்ன வயதில் அவளும் தம்பியும் கேசட் தேயத் தேயப் பார்த்த சிரிப்புப் படம், வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒரு வரி தப்பாமல் வந்தால் தனக்கு ஒன்றுமில்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். பெரிய டாக்டர்தான் போங்கள். காரணம் சொல்லாமல் தம்பியை ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொன்னாள்.

தம்பி பஸ் டிரைவர், வாயைத் திறந்தால் கிண்டல். கிண்டல் செய்யும்போது மட்டும் இடது கண் சுருங்கும். வந்ததும் வராததுமாக, "நேத்து ஒரு ஸ்டாப்பை விட்டுட்டு நேராப் போயிட்டேன்க்கா, பஸ்ஸே சேர்ந்து திட்டுச்சு" என்று சிரித்தான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தன் கவலையே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

லேப்டாப்பில் படம் ஓடியது. ஒவ்வொரு வசனத்தையும் முந்திக்கொண்டு முணுமுணுத்தாள், எல்லாம் சரியாக வந்தது. அடுத்தது அவளுக்கு மிகவும் பிடித்த இடம். வீட்டுக்காரர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி, மீன்தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்து, வாயில் மீனோடு வாடகை கேட்பார்.

அந்த இடத்தில் ஒரு பாட்டு வந்தது. பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் பாட்டுதான். படத்தை நிறுத்தினாள்.

"மீன்தொட்டி எங்கடா?" தம்பி பக்கம் திரும்பினாள். "எனக்கும் அம்மா மாதிரி ஆயிடுச்சுடா."

புதன்கிழமைக் கதையைக் கொட்டித் தீர்த்தாள். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான்.

"லூசாக்கா நீ? நம்ம கேசட்ல அந்த இடத்துல டேப் கசங்கியிருக்கும், வெறும் கோடுதான் ஓடும். அம்மாதான் டிவி பக்கத்துல நின்னு கதை சொல்லுவாங்க. மீன்தொட்டி படத்துலயே இல்ல, அது அம்மா விட்ட சரடு."

கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு மீன் மாதிரி வாடகை கேட்ட அம்மா அப்படியே கண்முன் வந்து நின்றாள். அம்மா சொன்னதைக் கேட்டே, படத்தில் பார்த்ததாக அவள் இத்தனை நாளும் நம்பியிருக்கிறாள். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். புதன்கிழமையிலிருந்து ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. டீ போட்டுக் கொண்டுவந்து, மிச்சப் படத்தை ஓட விட்டாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"மீன்தொட்டி சீன் இன்னும் வரலையேக்கா. கட் பண்ணிட்டாங்களா?"

அக்கா அவன் இடது கண்ணைப் பார்த்தாள். அது சுருங்கவில்லை. சுருங்கட்டும், சுருங்கட்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே காத்திருந்தாள்.

"நாளைக்கு உனக்கு எப்ப டியூட்டி?"

"காலைல முதல் பஸ்ஸே நான்தான். ஏன்?"

"லீவு சொல்லிடு. ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம்."

தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினான்.

"ஏன்க்கா, உனக்கு உடம்புக்கு என்ன? என்கிட்ட நீ ஒண்ணுமே சொல்லலையே."