ஏழு பி-க்கு மட்டும் ஒரு நாற்காலி

மூன்றாவது பிரியட் முடிவதற்குள் தமிழ்வாணியின் இடது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிடும். மதியத்துக்கு மேல் வலி முழங்காலுக்குப் பின்னால் ஏறி, நரம்புக்குள் புழு போல நெளியும். கரும்பலகையில் எழுதுகிற சாக்கில் ஒரு காலை மறு காலில் தேய்த்துக்கொள்வாள். அதற்கு மேல் வழியில்லை. மேலூர் ரோட்டில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் எந்த வகுப்பிலும் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. வாத்தியார் உட்கார்ந்தால் பாடம் நடக்காது என்பது தாளாளரின் தீர்மானம். சுவரில் கேமரா உண்டு. அவர் செல்போனில் பார்ப்பார். மேசையில் சாய்ந்தால் போதும், ஆபீஸிலிருந்து மைக்கில் குரல் வரும்.

"செவன்த் பி மிஸ், நேரா நில்லுங்க."

பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இப்படியே நின்றால் நரம்பு வெடித்துப் புண்ணாகும், அப்புறம் நிற்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிற்க முடியாதவளுக்கு அங்கே வேலை இல்லை. அப்பாவுக்குக் குவாரித் தூசியில் நெஞ்சு போய்விட்டது. வீட்டில் சம்பளம் அவளுடையது மட்டும்தான்.

"நாள் முச்சூடும் குனிஞ்சு நாத்து நட்டவ நானு. ஃபேனுக்குக் கீழ நிக்கிறவளுக்குக் காலு வலிக்குதாக்கும்!" என்பாள் அம்மா சுந்தரம்மாள். சொல்லிக்கொண்டே வெந்நீரும் வைப்பாள்.

காலாண்டு விடுமுறை முடிந்த வாரம், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆசிரியர்களின் வேலை நிலைமை பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். பெயர் எழுத மாட்டோம், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றாள். நூலக அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது. அடுத்து போக வேண்டியவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"வாயத் தொறந்துறாதடி. இவளே தாளாளரு அனுப்புன ஆளா இருப்பா," என்று தமிழ் எடுக்கும் முத்துச்செல்வி காதைக் கடித்தாள். "எல்லாம் சூப்பரு, சொர்க்கம்னு சொல்லிட்டு ஓடி வந்துரு."

தமிழ்வாணியும் அப்படித்தான் ஆரம்பித்தாள். கழிப்பறை நன்றாக இருக்கிறது. சாப்பிட நேரம் இருக்கிறது. மரியாதை இருக்கிறது. "வகுப்புல உட்கார முடியுதா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டபோதுதான் வாயை மீறி வந்துவிட்டது.

"நாலு வருசமா நின்னுக்கிட்டே இருக்கேன்மா. கட்டிப்போட்ட மாட்டுக்குக்கூடப் படுக்க எடம் விடுவாங்க."

வெளியே வந்தால் பெஞ்சில் ராதாமணி. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர், பள்ளிக்கு மூத்தவர். தாளாளர் அவரை மட்டும் "அம்மா" என்று கூப்பிடுவார். அவர் உள்ளே வந்தால் ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்றுவிடும். போனில் தங்கச்சியோடு சௌராஷ்டிர மொழியில் பேசினால், "நம்மளப் பத்தித்தான்" என்று முத்துச்செல்வி கண்ணைக் காட்டுவாள்.

திங்கட்கிழமை ஏழு பி-யில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. மற்ற வகுப்புகளில் இல்லை.

தமிழ்வாணி உட்காரவில்லை. எவன் போட்டது, எதற்குப் போட்டது? உட்கார்ந்ததும் கேமராவில் படம் எடுத்து, இவள் பாடம் நடத்துவதில்லை என்று வேலையை விட்டு அனுப்பிவிடவா? நாற்காலிக்குப் பக்கத்திலேயே பகல் முழுக்க நின்றாள். அது பக்கத்திலேயே இருந்ததால் கால் இன்னும் கூடுதலாக வலித்தது.

ஸ்டாஃப் ரூமில் முத்துச்செல்வி எழுந்து கும்பிட்டாள். "வாங்க சேர்மன் மேடம்! எங்களுக்கெல்லாம் தரைதானா?"

"ஏண்டி நீ வேற."

"சும்மா போடுவானா அந்தாளு? உள்ள போயி எங்களப் பத்தி என்னத்தச் சொல்லிட்டு வந்த?"

அன்று மதியம் யாரும் அவள் பக்கம் குழம்பை நீட்டவில்லை. மறுநாளும் இல்லை. தன்னைக் கூட்டத்திலிருந்து பிரிக்கத்தான் நாற்காலி வந்திருக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. மூன்றாம் நாள் கேமராவுக்குத் தெரியும்படி அதை இழுத்துப் போய் வராண்டாவில் போட்டாள். சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்னாலும் ராதாமணியிடம் கேட்டாள்.

"நான் பேசுனத வாசல்ல உக்காந்து கேட்டது நீங்க மட்டுந்தான் மிஸ். போயி ஓதிட்டீங்கள்ல? இம்புட்டு வயசுக்கு இந்தப் பொழப்பு எதுக்கு?"

ராதாமணி டிபன் டப்பாவை மூடினார். "ஆமா, நான்தான் சொன்னேன்."

"பாத்தியா!" என்றாள் முத்துச்செல்வி.

"பிள்ளைங்க முன்னாடி இவ ஒருநா விழுந்துருவா, பெத்தவங்க படம் எடுத்துப் போட்டா ஸ்கூல் பேரு கெட்டுரும்னு சொன்னேன். காலு வலிக்குதுன்னா அந்தாளு காதுல ஏறுமா?" சேலையைக் கொஞ்சம் தூக்கினார். கணுக்காலிலிருந்து மேலே வரைக்கும் கட்டுத்துணி சுற்றியிருந்தது. "என்னுது போனது போச்சு. உனக்கு வயசிருக்கே."

"எனக்கு மட்டும் எதுக்கு மிஸ்?"

"ஒண்ணுக்கே வெல சொன்னாரும்மா. பத்தாவதுக்கு ஞாயித்துக்கிழமை கிளாஸ் எடுக்க ஆளில்ல, பரீட்ச வரைக்கும் நீங்க எடுங்க, ஒரு சேர் போடுறேன்னாரு. அம்புட்டுப் பேருக்கும் கேட்டா நான் இங்கயே பாய் விரிச்சுப் படுக்கணும்."

முத்துச்செல்வி ஊறுகாய் டப்பாவைத் திறந்து திறந்து மூடினாள்.

தமிழ்வாணி வராண்டாவுக்கு ஓடினாள். இடம் காலியாக இருந்தது. ஆபீஸ் கிளார்க் முத்துக்குமரன் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீங்கதான மிஸ் வேணாம்னு வெளிய போட்டீங்க? சார் போன்ல பாத்துட்டாரு. இனிமே எந்தக் கிளாஸுக்கும் கிடையாதுன்னுட்டாரு."

"அப்ப ராதாமணி மிஸ்ஸோட ஞாயித்துக்கிழமை கிளாஸ்?"

"அது வேற, இது வேற. பேரன்ட்ஸுக்கு மெசேஜ் போயிருச்சு."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ராதாமணியின் பக்கத்தில் போய் நின்றாள். "ஞாயித்துக்கிழமைக்கு உங்களுக்குப் பதிலா நான் வாரேன் மிஸ்."

"நீ சோசியல் எடுக்குறவ. பத்தாவதுக்குக் கணக்கு எடுப்பியா?"

பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ் வந்தது. ராதாமணி கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து ஏறினார். அவர் உட்கார இடம் கிடைத்ததா என்று கூட்டத்தில் தெரியவில்லை.

தமிழ்வாணி அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி. பரீட்சை வரைக்குமான ஞாயிற்றுக்கிழமைகளும் பாக்கி.