பத்து மணிக்கு மேல் ஒழுகாத குழாய்

1.

இந்தக் கதை என்னுடையதில்லை. குமணன்சாவடி பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவர் சொன்னது. முக்கால்வாசி சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டார். மிச்சத்தை நான்தான் எழுதியாக வேண்டும். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். படிக்கிறவர்கள் எல்லாரும் பக்கத்து ஊர் என்று வைத்துக்கொள்ளலாம், அவரவர்க்கு நிம்மதி.

2.

முதல் வரியை ஐந்து முறை எழுதினேன். ‘பூமிக்கடியில் ஓர் இரும்பு நதி உறங்கிக்கொண்டிருந்தது’ என்று ஒன்று. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்களுக்குக் காட்டிவிடுகிறேன். ‘கஜபதி ஒரு நேர்மையான—’ என்று இன்னொன்று. அதை முடிக்கத் தைரியம் வரவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். 1988 கோடை. அந்தத் தெருவில் பதினோரு வீட்டில் மஞ்சள் காமாலை. குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே ஓடுகிறது, துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே நகராட்சி, ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தியது. ஓட்டை உண்டு என்று அறிக்கை வந்தால் புதுக் குழாய் போடுவார்கள். வராவிட்டால் பழைய குழாயே தொடரும்.

3.

டெண்டரில் ஜெயித்தவர் பால்ராஜ். அவரிடம் ஒரு பச்சைப் பெட்டி, தரையில் வைக்க ஒரு கிண்ணம், காதில் மாட்ட இரண்டு ஒயர். குழாயில் ஓடும் தண்ணீர் ஓட்டை வழியாகச் சீறினால் அந்தச் சத்தம் காதில் கேட்கும். அருமையான மிஷின். (கிண்டல் இல்லை. மிஷின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.)

ஒப்பந்தப்படி வேலை நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து. தெருவுக்குத் தண்ணீர் வருவதோ காலை ஐந்து முதல் ஆறரை.

இதைப் படித்த உடனே உங்களுக்குப் புரிந்துவிட்டது. நகராட்சியிலோ, மேற்பார்வைக்காகப் பால்ராஜோடு போன கஜபதி ஒருவருக்குத்தான் புரிந்தது. அவர் பெயருக்கு ஒர்க் இன்ஸ்பெக்டர், ஆறு வருடமாகத் தினக்கூலி. அதனால் புரிந்ததை மெதுவாகவே கேட்டார்.

“அண்ணாத்தே, பைப்புல இப்போ தண்ணியே கெடையாதே?”

“இல்லதான்,” என்றார் பால்ராஜ், ஒரு காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு.

“அப்பால ஒழுகுற சத்தம் எப்டிக் கேக்கும்?”

“கேக்கலியே. அதான் நானும் சொல்றேன். ஒழுகல் இல்ல. எய்திக்கோ மாமே.”

கஜபதி இன்ஜினியரிடம் போய்ச் சொன்னார். விடியற்காலையில் வேலை வாங்க ஒப்பந்தத்தில் இடமில்லை, மாற்றினால் மறுபடி டெண்டர் விட வேண்டும் என்று பதில் வந்தது. இப்படியாக எட்டு நாள் காய்ந்த குழாயில் காதை வைத்துக் கேட்டு, அறிக்கை தயாரானது.

(* ஒரு குறிப்பு. தண்ணீர் நின்ற பிறகு காலிக் குழாய் சும்மா இருப்பதில்லை. அதே ஓட்டை வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான்.)

4.

அறிக்கையில் தெருவாசி ஒருவர் சாட்சியாகக் கைநாட்டு வைக்க வேண்டும். அதற்காகத்தான் பஞ்சவர்ணம் கதைக்குள் வருகிறாள். அவளை நான் சரியாக எழுதவில்லை என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. முதல் வரைவில் அவளை அழ வைத்திருந்தேன், முந்தானையில் கண் துடைப்பதெல்லாம் உண்டு. படித்துப் பார்த்த என் மனைவி, “காமாலைப் புள்ளைய வச்சுக்கிட்டிருக்கறவளுக்கு அழ நேரம் ஏது?” என்று கேட்டாள். நியாயம்தான். பஞ்சவர்ணத்தின் மகள் வடிவுக்குப் பத்து வயது. பதினெட்டு நாளாகப் பாயில் கிடக்கிறாள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் கண்ணில் மஞ்சள் இறங்கவில்லை. அழுகையை எடுத்துவிட்டேன்.

5.

கஜபதி அறிக்கையோடும் மை டப்பாவோடும் அவள் வாசலில் நிற்கிறார். அவர் கையெழுத்தும் இன்னும் போடவில்லை. போட்டால் அடுத்த மாதம் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருக்கிறார்கள். போடாவிட்டால் இருக்கும் வேலையும் போகும். இங்கே சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

“இன்னா சாரு எய்திக்கீது இதுல?”

“ஒழுகல் இல்லன்னு.”

“இல்லியா?”

“மிஷின் சொல்லுதும்மா.”

“மிஷின் கெடக்கட்டும். நீ இன்னா சொல்ற?”

கஜபதி மை டப்பாவைத் திறந்தார். பஞ்சவர்ணம் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

“வெய்யில்ல வந்துகீற. மொதல்ல தண்ணி குடி.”

வாசலில் வைத்துக் கொடுத்த தண்ணீரை எப்படி வேண்டாம் என்பது? வாங்கிக்கொண்டார்.

“காய்ச்சுனதாம்மா?”

“சோறாக்கவே ஸ்டவ்வுக்குக் கிருஷ்ணாயில் பத்தல. அதுவுமில்லாம, ஒழுகல்தான் இல்லியே சாரு. காலைல புடிச்ச மொதக் கொடம். நீ குடி, நான் ரேகை வெக்கிறேன்.”

கட்டைவிரலை மையில் அழுத்தி, காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வடிவு வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அதைக் கேட்கக் கஜபதிக்கு மிஷின் தேவைப்படவில்லை.

6.

எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். இனி என் பாடு.

முடிவு ஒன்று: கஜபதி அறிக்கையைக் கிழித்துப் போடுகிறார், தெருவே கைதட்டுகிறது. (யார் நம்புவார்கள்?)

முடிவு இரண்டு: மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பால்ராஜைப் படுக்கையிலிருந்து இழுத்து வருகிறார். பச்சைப் பெட்டி அலறுகிறது, புதுக் குழாய் வருகிறது, வடிவு எழுந்து பள்ளிக்கூடம் போகிறாள். ஆசை, வேறென்ன.

முடிவு மூன்று: செம்பைக் கீழே வைத்துவிட்டு, “அப்பால வரேம்மா” என்று நழுவி, நாலு வீடு தள்ளி வேறொரு விரலைப் பிடிக்கிறார். இதுதான் நடந்திருக்கும் என்கிறாள் என் மனைவி.

மூன்றையும் சேர்த்துப் படித்தபோதுதான் கவனித்தேன். ஒன்றில்கூட அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. குடிக்க வைக்க முயன்றேன், ‘கஜபதி செம்பை உதட்டருகே—’ வரைக்கும்தான் எழுத வந்தது. பதினோரு வீடு தினம் குடித்த தண்ணீர். கற்பனையில்கூட ஒரு வாய் அவருக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். குடிக்க வையுங்கள், கையெழுத்துப் போட வையுங்கள், நான் குறுக்கே வர மாட்டேன். கொஞ்சம் சீக்கிரம் செய்தால் நல்லது. உள்ளே வடிவு தண்ணீர் கேட்கிறாள், வீட்டில் இருப்பது அந்த ஒரு குடம்தான்.