ஒட்டகம் தண்ணீர் குடித்த மாதம்

டிப்போவில் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர். காலை ஐந்தரைக்கு பஸ்ஸை எடுத்தால் மதியம் இரண்டு மணிக்கு இறங்கும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. பெண்கள் கழிப்பறை என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கத்தான் செய்தது. அதற்குள் பழைய டயர்கள் கூரைவரை குடியிருந்தன. பத்து வருஷமாக உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு ஓட்டினாள். அதில் பெருமை வேறு. மற்றதிலெல்லாம் கெட்டிக்காரி, இதில் மட்டும் அடிமுட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது டிரிப்பில், இடுப்புக்கு மேலே கத்தியைச் செருகித் திருகினாற்போல வலி. அப்போதும் பஸ்ஸை ஓரம்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்தாள். கண்டக்டர் பெண் அழுதுகொண்டே ஆம்புலன்ஸை அழைத்தாள்.

டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார். இடது சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் ஐந்து மில்லிமீட்டர் கல், சட்டமாக உட்கார்ந்திருந்தது. தன் ஜோடியோடு சேர்ந்து நாளுக்கு நூற்றெண்பது லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றரை லிட்டரில் கழிவைக் கரைத்து வெளியே தள்ளுகிற உறுப்பு அது என்றார். தண்ணீர் வராவிட்டால் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழிவு கரைய நீரில்லாமல் கெட்டிப்பட்டுக் கல்லாகும்.

"பத்து வருஷமா உங்களுக்காக அது சொட்டுச் சொட்டா மிச்சம் பிடிச்சிருக்கு. நீங்கதாம்மா அதைக் கவனிக்கல."

அவளுக்குச் சுருக்கென்றது. நான்கு வாரம் கெடு வைத்தார்கள். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தால் கல் தானாக விழலாம். விழாவிட்டால் அறுவை சிகிச்சை. அடைப்பு அப்படியே கிடந்தால் சிறுநீரகமே வீணாகிவிடும். விழுகிற கல்லைப் பிடித்துக் கொண்டுவர ஒரு டீ வடிகட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வலி அடங்கி வேலைக்குத் திரும்பியதும் நேரே மேலாளரிடம் போய் டயர்களை எடுக்கச் சொன்னாள். பதினொரு பெண்களுக்காகத் தனி அறையா என்று அவர் இழுத்தார். ஃபைல் மேலிடத்தில் இருக்கிறதாம், பார்க்கலாமாம். பத்து வருஷமாக மனுஷன் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

மறுநாள் ஒட்டகம் ஸ்டியரிங்கின் பக்கத்தில் பெரிய பாட்டிலை வைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு மடக்கு. சிறுநீரகங்களும் பழைய கோபம் எதையும் காட்டாமல் மும்முரமாக வேலையில் இறங்கின. டிரிப் முடிந்து டிப்போவுக்கு வந்ததும், மேலாளர் அறைக்குள் நுழைந்து, வணக்கம் சொல்லி, அவருக்கென்று மட்டும் இருந்த கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அவர் பேனாவும் கையுமாக வாயைப் பிளந்தார். அன்றைக்கு நான்கு முறை பிளந்தார். அடுத்த நாள் கண்டக்டர் பெண்ணும் கூடவே வந்தாள். மூன்றாம் நாள் பதினொரு பேரும் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்து மேலாளருக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது, நான் வேலை பாக்க வேண்டாமா?"

"உங்க ஃபைல் பத்து வருஷமா நகரல சார். என் சிறுநீரகம் ஒரு மணி நேரத்துல முடிச்சு அனுப்பிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். எட்டாம் நாள் டயர்கள் உருண்டு வெளியேறின. அறையைக் கழுவினார்கள், குழாய் வைத்தார்கள், கதவுக்குத் தாழ்ப்பாளும் வந்தது.

இருபத்து நான்காம் நாள், மூன்றாவது டிரிப்புக்கு முன்னால், அந்த அறைக்குள் வைத்துத்தான் வடிகட்டியில் டிங் என்று ஒரு சத்தம். கல் மிளகு அளவுதான் இருந்தது. இத்தனூண்டு பொடியனா என்னை இந்தப் பாடு படுத்தினான் என்று நினைத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உடம்பை நினைத்து அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு இதுவரை வந்ததில்லை. இடது இடுப்பைத் தட்டிக்கொடுத்து, வெளியே வந்தாள்.

கல்லைக் கழுவி, ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டு, மேலாளர் அறைக் கதவை முதல் தடவையாகத் தட்டினாள். அவர் பதறி எழுந்து கழிப்பறையைக் கை காட்டினார். அவள் டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"இது உங்க டிப்போல வெளஞ்சது சார். டாக்டரம்மாகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி, ஃபைல்ல வைக்க ஒரு போட்டோ எடுத்துக்கோங்க."