கல் நிற்கும்வரை

அன்று சிரோக்கோ வீசியதா என்பது எனக்கு நிச்சயமில்லை. நான் அங்கே இருக்கவில்லை. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வரும் அந்தச் சூடான காற்று விடியற்காலையிலேயே வந்துவிட்டதென்றும், வானம் மஞ்சளாகக் கிடந்ததென்றும் எமிலியானா சொன்னாள். அவளுடைய தம்பி அலோசியஸ், காற்று பிறகுதான் வந்தது என்கிறான். இருவரும் சொன்னதை மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். எது அவர்களுடையது, எது நான் சேர்த்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

எமிலியானா கட்டில் ஓரத்தில் இருந்து சிஞோரா இல்டேயின் வலது கையில் பழைய தோல் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். காலையில் கண் விழித்ததும் சிஞோரா கேட்டது அதைத்தான். தண்ணீர் கேட்கவில்லை. மகனைக்கூடக் கேட்கவில்லை.

மகன் டாரியோ நாப்போலிக்குப் போய்வரும் கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். மாலையில்தான் கரைக்கு வருவான். அதுவரை தாங்காது என்று மருத்துவர் வாசலில் நின்று, எமிலியானாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

எமிலியானா மன்னாரிலிருந்து இந்தத் துறைமுக நகரத்துக்கு வந்து, கால்சாப் பகுதியிலுள்ள அந்த வீட்டில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தவள். பிறகு டாரியோவைக் கட்டினாள். கலியாணத்துக்கு சிஞோரா கோவிலுக்கு வரவில்லை. அன்று மாலை வெளியே போவதற்காக இதே கையுறைகளை அணிந்தபடி படியிறங்கி வந்தவளிடம் எமிலியானா கையை நீட்டினாள். “கையுறை போட்டிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு சிஞோரா கடந்து போனாள். ஆறு வருடங்களாக எமிலியானா அவளை, வேலைக்கு நிற்பவர்கள் வீட்டுக்கார அம்மாவை அழைப்பதுபோல, சிஞோரா என்றே அழைத்தாள். வேறு எப்படியும் அழைக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. எமிலியானா மட்டும், சொல்லிக்கொள்ளாமல், அதற்காகக் காத்திருந்தாள்.

அலோசியஸ் வந்தான். பல்லரோ சந்தையில் மீன் கடையொன்றில் நிற்பவன். கையில் ஒரு பை நிறைய நொறுக்கிய ஐஸ்.

“அக்கா, மீன் மணக்குது எண்டு மனிசி எழும்பிப் பேசப்போகுது.”

“பேசினால் நல்லம். கையுறையைக் கேட்டதுக்குப் பிறகு ஒரு சொல்லில்லை.”

ஐஸைக் கோப்பையில் கொட்டிக் கட்டிலருகே வைத்தாள். சிஞோரா மற்றக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். முகம் சற்று இளகியது.

கண்ணாடி அலுமாரிக்குள் பரிசாக வாங்கிய வெள்ளிக் கோப்பைகள் கறுத்துப்போயிருந்தன. வடக்கே, மலைகளுக்கிடையிலுள்ள கோர்த்தினாவில் பிறந்தவள் சிஞோரா. கர்லிங் என்ற விளையாட்டில் நாட்டின் சம்பியனாகப் பல வருடங்கள் இருந்தவள். சுவரிலிருந்த படத்தில் அவள் பனித்தளத்தில் ஒரு காலை மடித்துத் தாழ்ந்து, பிடிவைத்த கனமான கல்லொன்றை அப்போதுதான் கைவிட்டிருந்தாள். கல்லுக்கு முன்னால் இரண்டு பெண்கள் குனிந்து பனியைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும். எங்கே நிற்க வேண்டும் என்று தளத்தில் வட்டங்கள் கீறியிருக்கும். எப்போது தேய்ப்பது, எப்போது விடுவது என்று கத்திச் சொல்பவள் தலைவி. சிஞோராதான் தலைவி.

அலோசியஸ் படத்தைப் பார்த்தான்.

“கூட்டுறதுக்கும் கோப்பை குடுக்கிறாங்களோ? அப்பிடியெண்டால் உனக்குக் கிடைக்கிறதை வைக்க இந்த வீடு காணாதே அக்கா.”

பகிடிக்குத்தான் சொன்னான். எமிலியானா சிரிக்கவில்லை.

“நீ போ. கடையிலை தேடுவாங்கள்.”

“ஓம், போறன். ஏதுமெண்டால் கீழை பாரிலையிருந்து போன் பண்ணு.”

அவன் போனபின் வீடு மிகவும் அமைதியாகிவிட்டது. யன்னல் கதவுகளின் இடுக்கு வழியே வந்த வெளிச்சம் வெள்ளைத் தரையோடுகளின் மேல் நீளமாக விழுந்திருந்தது. ஐஸ் உருகி, கோப்பை வழிந்து, ஓடுகளில் மெல்லிய நீர்ப்படலமாகப் பரவியது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதிவிட்டு நிறுத்தியது. அறை கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்துபோவதுபோல் எமிலியானாவுக்குத் தோன்றியது.

“கூட்டு” என்றாள் சிஞோரா.

கண் திறந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூட்டு! விடாதே, கூட்டு!”

எமிலியானாவுக்கு அது வீடு கூட்டச் சொல்வதாகவே கேட்டது. கடைசி நாளிலும் இதுதானா. ஆனாலும் எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்து வந்தாள். ஈரத் தரையில் கட்டிலின் காலடியிலிருந்து கதவு வரை குனிந்து குனிந்து தேய்த்தாள். சிஞோராவின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்றுப் பின்னால் எதுவோ மெதுவாக வருவதைப் பார்ப்பதுபோல நகர்ந்தன. எமிலியானா நிமிர்ந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். சிஞோரா தன்னைச் சம்பளத்துக்கு வந்த பெண்ணாகப் பார்க்கிறாளா, அந்தப் படத்திலுள்ள பெண்களில் ஒருத்தியாகப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“போதும், விடு” என்றாள் சிஞோரா. பிறகு, மிகவும் திருப்தியாக, “நின்றுவிட்டது.”

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு எமிலியானா வந்து பக்கத்தில் இருந்தாள். அப்போது சிஞோரா இடது கையால் வலது கையிலிருந்த கையுறையை இழுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு விரலாக இழுத்தாள். நெடுநேரம் எடுத்தது. கழற்றியதும் அந்த வெறுங்கையை எமிலியானாவின் பக்கம் நீட்டினாள்.

கை சில்லென்றிருந்தது. பாவம், குளிருது என்று எமிலியானா நினைத்தாள். கையுறையை எடுத்து, தன் மூச்சை அதற்குள் ஊதிச் சூடாக்கி, மறுபடியும் மாட்டிவிட்டாள்.

சிஞோரா அவளையே பார்த்தாள். திரும்பவும் கழற்றினாள், திரும்பவும் நீட்டினாள். எமிலியானா திரும்பவும் மாட்டிவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். சிஞோராவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரித்தாள் என்றே எமிலியானா இன்றும் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு கை அசையவில்லை. டாரியோவின் கப்பல் வந்து சேர்ந்தபோது யன்னல்களெல்லாம் திறந்திருந்தன.

மறுநாள் வீட்டில் கூட்டம். பங்குக் கோவிலில் பாடுகிற விமலராணி வந்து, பிணத்தின் கைகளைச் சேர்த்துச் செபமாலை சுற்றினாள்.

“இதைக் கழட்டன் எமிலி. கையுறையோடை ஆரும் மோட்சத்துக்குப் போவினமே?”

“கிடக்கட்டும் ராணியக்கா. அவ கேட்டு வாங்கினது.”

பெட்டி மூடும் நேரத்துக்குச் சற்றுமுன் கோர்த்தினாவிலிருந்து ஒருத்தி வந்தாள். கைத்தடி, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. படத்தில் குனிந்திருந்த இரண்டு பெண்களில் இடப்பக்கத்தவள். நோர்மா என்று பெயர். பெட்டியருகே நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“யார் இதைப் போட்டுவிட்டது?”

“நான்” என்றாள் எமிலியானா.

நோர்மா சிரித்தாள். உடனே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

“சரியாகத்தான் செய்திருக்கிறாய். செத்தும் இவள் கை கொடுக்கவில்லை.”

எமிலியானா விளங்காமல் பார்த்தாள்.

“எங்கள் விளையாட்டில் ஒரு வழக்கம். இனி வெல்ல முடியாது என்று தெரிந்தால் கடைசிக் கல்வரை ஆடத் தேவையில்லை. தலைவி கையுறையைக் கழற்றிவிட்டு எதிராளியிடம் கையை நீட்டுவாள். ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதில் வெட்கம் எதுவும் இல்லை. இவளுக்கு மட்டும் அது வரவில்லை. சுவிஸில் கடைசியாக ஆடிய இறுதியாட்டத்தில், பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர் எழுந்து போன பிறகும் எங்களைத் தேய்க்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். நான் அன்று இவளோடு சண்டைபிடித்தவள்தான். பிறகு பேசவேயில்லை.”

எமிலியானா பெட்டிக்குள்ளிருந்த கையுறையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அப்படிக் கையை நீட்டினால் மற்றவர் என்ன செய்ய வேண்டும்?”

“பிடித்துக் குலுக்க வேண்டும். வேறென்ன?”

“குளிருது என்று நினைத்தேன்” என்றாள் எமிலியானா.

நோர்மாவுக்கு அது விளங்கியிருக்காது. தலையை மட்டும் ஆட்டினாள்.

மூடியோடு ஆட்கள் வந்தார்கள். எமிலியானா அவர்களை மறித்து நிறுத்தினாள். செபமாலையை அவிழ்த்து விமலராணியின் கையில் கொடுத்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்தாள். நெடுநேரம் எடுத்தது. வந்த கையைத் தன் வலது கையால் பிடித்தாள். அது அசையக்கூடியதாக இருக்கவில்லை. ஆகவே தன் கையைத்தான் சற்று மேலும் கீழும் அசைத்தாள். பார்த்தவர்கள் பிரியாவிடை என்று நினைத்திருப்பார்கள். டாரியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சிஞோராவை றோத்தொலி மயானத்தில், கடல் தெரியும் பக்கமாக வைத்தார்கள். நோர்மா அன்றிரவே திரும்பிப் போனாள். அடுத்த குளிர்காலத்தில் அவளும் இறந்ததாகத் தகவல் வந்தது. அலோசியஸ் வடக்கே றெஜ்ஜியோ எமிலியாவுக்குப் போய்த் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறான். அங்கே பனி விழுகிறது, அவனுக்குப் பிடிக்கவில்லை. விமலராணி பங்குக் கோவிலில் இன்னும் பாடுகிறாள். டாரியோ கப்பலை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் கரை வேலைக்கு வந்துவிட்டான். எமிலியானா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு கையுறைகளும் மேசை லாச்சியில் கிடக்கின்றன. சிஞோராவைப் பற்றிப் பேசும்போது இப்போது மாமி என்கிறாள்.