உள்ரூம் டிவி

டிவியை உள்ரூமில் மாட்டியது செல்லப்பன்தான். வனஜா வேண்டாம் என்றாள்.

"புள்ள படுக்கற ரூம்ல இன்னாத்துக்கு டிவி? கண்ணு கெட்டுப்பூடும். அப்பறம் பொஸ்தகத்த தொடுவாளா அவ?"

"கூடத்துல வெச்சா நான் எங்க படுக்கறது? மோட்டார் கொட்டாயிலயா?"

கரும்பு வெட்டிக் கட்டுத் தூக்கி வருகிறவனுக்குத் தோள் கழன்று தனியாகத் தொங்குவது போல இருக்கும். சோற்றைத் தின்றதும் கூடத்தில் விழ வேண்டும். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவன் சொல்லவில்லை, வனஜாவுக்கும் சொல்லத் தேவையில்லை. பள்ளி விட்டு வரும் வைஜெயந்தி, அவர்கள் வேலை முடிந்து வரும்வரை வீட்டில் தனியாக இருக்கிறாள். தெருக்கோடியில் சாராயக்கடை. உள்ரூமில் டிவி ஓடினால் பெண் வெளியே தலைகாட்ட மாட்டாள். தெருவில் போகிறவனுக்கும் வீட்டில் பெரிய ஆட்கள் இருப்பது போலக் கேட்கும்.

வைஜெயந்தி மூன்றாவது படித்தாள். டிவி உள்ளே போனதும் அவளும் உள்ளே போனாள். வனஜா நினைத்தபடி புத்தகத்தைத் தொடாமல் போனாள். செல்லப்பன் நினைத்தபடி வாசலுக்கு வராமல் போனாள். இரண்டு பேரும் நினைக்காதது, கூப்பிட்டால் அவள் திரும்பாமல் போனது.

"வைஜீ! தண்ணி மோந்துனு வா."

பதில் இல்லை. உள்ளே டிவியில் எவளோ ஒருத்தி மாமியாரிடம் அலறிக்கொண்டிருந்தாள்.

"கொழுப்பப் பாரு" என்றான் செல்லப்பன். "டிவி ஓடனா அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் செத்தா மாதிரி."

"நான் அப்பவே சொல்லல? நீதான ஆணி அடிச்ச?"

சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் செல்லப்பனின் அண்ணி தையலம்மாள் குடியிருந்தாள். அவள் அரிவாள்மனைக் கட்டையால் சுவரை இடிப்பாள். "ஏன்டி, சினிமா கொட்டாயி வெச்சி நடத்தறீங்களா? எம்மாஞ் சத்தம்! கொறைடி!" வனஜா ஓடிப்போய்க் குறைப்பாள். அவள் திரும்பியதும் வைஜெயந்தி ஏற்றுவாள். ஏற்றிவிட்டு, டிவி மாட்டியிருந்த அந்த ஒட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். அதையும் திமிர் என்றுதான் எண்ணினார்கள்.

பள்ளிக்கூடத்து டீச்சரும் கூப்பிட்டுச் சொன்னாள். "பாடம் நடத்தும்போது எங்கயோ பாத்துட்டு இருக்கா. வீட்ல டிவிய கொறைங்கம்மா. ரூம்லயே வச்சிருக்கீங்களாமே?"

டிவி இருக்கலாமா கூடாதா என்று வீட்டில், சுவருக்கு அப்பால், பள்ளியில், கரும்பு வெட்டும் இடத்தில்கூடப் பேசியாயிற்று. வெட்டு மேஸ்திரி தங்கவேல் தன் பேரனுக்கு செல்போனே பரவாயில்லை என்றான். காதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. போன மழைக்கு முந்தைய மழையில் அவளுக்கு இரண்டு காதிலும் சீழ் வந்தது. பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி வனஜா ஊற்றினாள், பஞ்சு அடைத்தாள். வெட்டு ஆட்களின் பிள்ளைகளில் காது ஒழுகாத பிள்ளை ஏது? மோட்டார் தொட்டியில் குதித்துக் குதித்து எல்லாவற்றுக்கும் ஒழுகும், நிற்கும். இவளுக்கும் நின்றது. நின்றதால் ஆறிவிட்டது என்று இருந்துவிட்டார்கள். உள்ளே நிற்கவில்லை.

பொங்கல் லீவுக்கு முதல் நாள் சாயங்காலம் செல்லப்பன் காலில் ஆணி குத்திக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் உட்கார்ந்து ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, துணி கொண்டுவரச் சொல்லிக் கத்தினான். உள்ளே டிவி ஓடியது. மறுபடி கத்தினான். தையலம்மாள் தன் வீட்டிலிருந்து பழந்துணியோடு ஓடிவந்தாள். வைஜெயந்தி வரவில்லை.

துணியைக் கட்டிக்கொண்டு நொண்டியபடி உள்ளே போனான். பின்னால் நின்று பெயரைச் சொன்னான். திரும்பவில்லை. கையை ஓங்கி அறைந்தான். அறை கன்னத்தில் பாதி, காதில் பாதி விழுந்தது. அவள் சுருண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கினாள். அவன் டிவியை ஒயரோடு பிடுங்கினான். சுவரிலிருந்து காரை பெயர்ந்து வந்தது.

"அப்பன் சாவக் கெடந்தாலும் நாடகந்தான் பாப்பியா?"

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொறைக்கறா பாரு அண்ணி."

"எல்லாம் அந்த பொட்டி குடுத்த எடம்" என்றாள் தையலம்மாள். "இனிமே நாலு நாள்ல நேராயிடுவா."

டிவி பரணுக்குப் போனது. மறுநாள் பள்ளி இல்லை. டிவி இல்லாத வீட்டில் பெண்ணைத் தனியாக விட வனஜாவுக்கு மனம் வரவில்லை. "கழனிக்கே இஸ்துனு போறேன். நெழல்ல குந்தியிருக்கட்டும்" என்றாள்.

பண்டசோழநல்லூரில் அன்றைக்கு வேலை. புயலில் சாய்ந்த கரும்பு. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளே தோகை காய்ந்து சோகையாகக் குவிந்து, பாம்பும் எலியும் அண்டிய கொல்லை. அப்படிப்பட்டதில் கை வைக்க முடியாது. கொளுத்திச் சோகையை எரித்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். கொளுத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஒதுங்கப் போனவர்கள், எலி பிடிக்கப் புகுந்தவர்கள் உள்ளே இருக்கலாம். அதனால் நான்கு மூலையிலும் ஆள் நின்று குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர் எதிர்க்குரல் கொடுக்க வேண்டும். குரல் வரவில்லை என்றால் ஆள் இல்லை.

செல்லப்பன் மேற்கு மூலையில் நின்றான். காலில் கட்டு. கையில் பந்தம்.

"உள்ள ஆளு இருக்கீங்களா? கொளுத்தறோம்! ஓஓய்!"

மற்ற மூலைகளிலிருந்தும் குரல் வந்தது. கரும்புக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. மேஸ்திரி தங்கவேல் கையை அசைத்தான். செல்லப்பன் சோகையில் பந்தத்தை வைத்தான். காய்ந்த சோகை பட்டாசு மாதிரி வெடித்துக்கொண்டு ஓடியது.

வேப்ப மர நிழலில் தூக்குச்சட்டியை வைக்கப் போன வனஜா அங்கே மகளின் வெறும் செருப்பைப் பார்த்தாள். அதே வெட்டுக்கு வந்திருந்த தையலம்மாளிடம் ஓடினாள்.

"யக்கா, வைஜி உங்கூட இல்ல?"

"உங்கிட்ட வரேன்னு கைய காட்டிட்டுப் போனாளேடி."

வனஜா போட்ட கூச்சல் நெருப்புச் சத்தத்தைத் தாண்டி மேற்கு மூலைக்குக் கேட்டது. செல்லப்பன் அப்படியே உள்ளே பாய்ந்தான். வைஜெயந்தி வரப்பிலிருந்து அதிக தூரம் போயிருக்கவில்லை. சாய்ந்த கரும்பு குடிசை போல வளைந்திருந்த இடத்தில், நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு துண்டுக் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் கத்திக்கொண்டே வந்தான். பாவாடை பற்றிய பிறகுதான் அவள் திரும்பினாள்.

உயிர் பிழைத்தாள். இரண்டு காலும் முழங்கால்வரை வெந்திருந்தன. ஆஸ்பத்திரியில் காலுக்கு மருந்து போட்ட டாக்டர், கூப்பிட்டால் திரும்பாததைப் பார்த்துக் காது டாக்டரை வரவழைத்தார். அவர் விளக்கு வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா காது கேக்கல?"

"கேக்கும் சார்" என்றான் செல்லப்பன். "திமிருதான். டிவி பாக்கறாளே சார்."

"சத்தம் எவ்வளவு வெச்சிப் பாப்பா?"

செல்லப்பன் வனஜாவைப் பார்த்தான். வனஜா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

இரண்டு காதிலும் சீழ் எலும்பை அரித்துவிட்டது என்றார் டாக்டர். முன்பே கொண்டுவந்திருந்தால் மருந்திலேயே தீர்ந்திருக்கும். இப்போது மூளைக்குப் போகாமல் இருக்க ஆபரேஷன் செய்ய வேண்டும், முதலில் கால் ஆறட்டும். கேட்பது திரும்ப வரும் என்று அவர் சொல்லவில்லை. செல்லப்பன் தன் வலது கையைப் பார்த்தான். அது அறைந்ததாலா என்று கேட்க வாய் எடுத்தான். அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து டிவியை இறக்கி அவனே பழைய இடத்தில் மாட்டினான். இந்த முறை வனஜா வேண்டாம் என்று சொல்லவில்லை. காலைக் கீழே ஊன்ற முடியாத பிள்ளை வேறு என்ன செய்யும்? வைஜெயந்தி கட்டிலில் சாய்ந்து ரிமோட்டை வாங்கினாள். படம் வந்ததும் சத்தத்தை அடியோடு இறக்கி வைத்துவிட்டாள். சத்தம் வைத்தால் அடி விழும் என்பதை மட்டும் அவள் கற்றிருந்தாள். படத்தில் அசைகிற வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையலம்மாள் கஞ்சி கொண்டுவந்தவள் அதைக் கவனித்தாள்.

"பாத்தியா வனஜா, இப்ப எவ்ளோ அடக்கமா பாக்குது. பட்டாதான் புத்தி வருது."

அவள் கஞ்சியை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போகும்வரை வனஜா பொறுத்திருந்தாள். பிறகு மகள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கினாள். சத்தத்தை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள். அதற்கு மேல் ஏறாது என்கிற அளவுக்கு ஏற்றினாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கூடத்தில் படுத்திருந்த செல்லப்பன் எழுந்து உட்கார்ந்தான். குறைக்கச் சொல்லவில்லை.

வைஜெயந்தி பயந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அடி விழவில்லை என்று தெரிந்ததும் மெல்லக் கையை நீட்டி உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையலம்மாள் கட்டையை எடுத்து இடிக்கத் தொடங்கினாள்.

உள்ளங்கையில் அந்த இடிப்பு பட்டதும் வைஜெயந்தி சட்டென்று திரும்பி, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அம்மாவுக்குக் கை காட்டினாள்.