நகர்த்திய கோடு

மூன்றாம் மாடிக்காரருக்கு எங்கள் குடியிருப்பு வைத்த பெயர் மெழுகுவத்தி. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஆபீசுக்குக் கிளம்புகிறவர் மாதிரி வந்து தன் வீட்டு மேசை முன்னாலேயே உட்கார்ந்துவிடுவார். கணினியில் பங்கு விலையைக் காட்டும் கட்டங்கள் சிவப்பும் பச்சையுமாக, மெழுகுவத்தி வரிசை மாதிரி ஏறி இறங்கும். பங்கு வாங்கி விற்கிறாராம்.

மனைவி தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து மாதம். சண்டையில்லை, சத்தமில்லை, அதுதான் எங்களுக்குக் குறை. போகும்போது அந்தம்மா சொன்னது இவ்வளவுதான்.

"வாங்கும்போதே, இதுக்குக் கீழ போனா வித்துட்டு வெளிய வந்துடுவேன்னு ஒரு கோடு போடறீங்க. விலை கிட்ட வந்ததும் கோட்டை இன்னும் கீழ நகர்த்திடறீங்க. முப்பது நாள் சேர்ந்தாப்பல நகர்த்தாம இருங்க. வரேன்."

லாபம் காட்டச் சொல்லியிருந்தால் கூட மனுஷர் எப்படியாவது காட்டியிருப்பார். சும்மா இருக்கச் சொன்னால்?

நாலு தடவை பாதியில் கவிழ்ந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். இந்தத் தடவை இருபத்தாறு வரை வந்தாயிற்று. ஒழுகும் குழாயைச் சரிசெய்தார். அந்தம்மா போடும் சோப்பையே தேடி வாங்கி வைத்தார். கீழ்வீட்டுத் தையல்காரியிடம் சன்னலுக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுத்தபோது, யாரும் கேட்காமலே "இன்னும் நாலு நாள்மா" என்றார்.

இருபத்தேழாம் நாள், பதினோரு மணி. விலை கோட்டை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தார். வலது கை எப்போது வெளியே வந்தது என்று அவருக்கே தெரியாது. கோடு கீழே போய்விட்டது. விலை பழைய கோட்டைத் தாண்டி இறங்கி, அங்கே மூச்சு வாங்கிவிட்டு, ஒரே ஏற்றமாக ஏறியது. அந்த மாதத்திலேயே பெரிய லாபம்.

திரைச்சீலையோடு வந்த தையல்காரி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னண்ணே, நஷ்டமா?"

"லாபம்மா."

"லாபத்துக்கா இந்த மூஞ்சி? நஷ்டம் வந்தா எப்படி இருப்பீங்களோ."

நகர்த்தியது யாருக்குத் தெரியப்போகிறது? வாயைத் திறக்காவிட்டால் இன்னும் மூன்றே நாள். போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். தையல்காரி கொக்கிகளை ஒவ்வொன்றாக, ரொம்பப் பொறுமையாக மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். இன்னைக்கு லாபம்."

"அதுக்கேன் குரல் இப்படி இருக்கு?"

"நகர்த்திட்டேன்."

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது. நீ வந்திருப்ப. நான் மறுபடியும் நகர்த்தியிருப்பேன்."

"ம். திங்கக்கிழமை ஒண்ணுன்னு ஆரம்பிங்க."

"சரி."

அவர் போனை வைக்கவில்லை. அந்தம்மாவும் வைக்கவில்லை. அங்கே பாத்திரம் உருளும் சத்தம், யாரோ நடக்கும் சத்தம். "பால் பொங்குது பாரு, அடுப்ப அணை" என்று அந்தம்மா தங்கையிடம் சொன்னது கேட்டது.

தனக்குச் சொன்னதில்லை என்று தெரியும். இருந்தாலும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எழுந்து, சமையலறைக்குப் போய், தன் வீட்டு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தார்.